ராகுகாலத்தில் தூங்கிய புரோகிராம்

ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவளைக் கூப்பிட்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு உங்கள் அனுபவத்தில் நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் திட்டிவிட்டுத்தான் தொடங்குவேன். போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர், ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் ஒன்று பதில் சொல்லவில்லை என்று 'கில் மைனஸ் நைன்' அடித்து அதைத் தீர்த்துக்கட்டியதைப் பார்த்தேன். கொசு அடிக்கிறவன்கூட கையை ஓங்குமுன் ஒரு விநாடி பார்ப்பான். அந்தப் புரோகிராம் கையில் என்ன வைத்திருந்தது, எதைப் பாதியில் எழுதிக்கொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் காப்பி குடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். நீங்கள் கொடுத்த காப்பி நன்றாக இருந்தது.

சி மொழியில் எழுதி யூனிக்ஸில் ஓடவிட்ட புரோகிராமோடு வெளியிலிருந்து பேச முடியும். அதற்குத்தான் சிக்னல்கள். 'முடித்துக்கொள்' என்று மரியாதையாகச் சொல்ல ஒன்று உண்டு. அதைக் கேட்ட புரோகிராம், கையிலிருப்பதை எழுதிவைத்துவிட்டுப் போகலாம். 'நில்' என்று சொல்ல ஒன்று, 'தொடர்' என்று சொல்ல ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு எண்ணும் உண்டு, எல்லாவற்றையும் அனுப்புவது 'கில்' என்கிற ஒரே கட்டளைதான். ஒன்பதாம் எண்ணில் மட்டும் பேச்சுவார்த்தையே கிடையாது, அது கழுத்தில் கை வைப்பது. இதையெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். நான் இதைக் கற்றது திருநெல்வேலி டவுனில் ஒரு கல்யாணத் தகவல் மையத்தில்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், எங்கள் கம்பெனி இருந்தது. மொத்தம் மூன்று பேர். முதலாளி, நான், ஸ்டீபன். முதலாளிக்கு 'முடியாது' என்று சொல்லவே வராது. எந்த வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் "செஞ்சிருவோம்" என்று சொல்லிவிட்டு வந்து எங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்படி அவர் ஒப்புக்கொண்டு வந்த வேலைதான் அந்தத் தகவல் மையம். அதை நடத்தியவரை ஊரே அண்ணாச்சி என்றது, நாங்களும் அப்படியே. ஒரு யூனிக்ஸ் மெஷின், மூன்று டெர்மினல், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ஸ்டீபனும் நானும் எழுதிய புரோகிராம், பிறந்த நேரத்தை வைத்துக் கிரக நிலையைக் கணக்கிட்டு, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பொருத்தம் பார்த்துச் சீட்டு அடித்துத் தரும். பிரிண்டருக்குத் தமிழ் வராது, ஆங்கில எழுத்துதான். ஆனாலும் பிள்ளையார் சுழி இல்லாமல் ஒரு எழுத்தும் விழக் கூடாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டதால், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற ஸ்டீபன் உட்கார்ந்து, புள்ளி புள்ளியாகச் சுழியை வரைய வைத்தான். அதை வரைந்து முடிக்க பிரிண்டர் ரொம்ப நேரம் முனகும். அதனால் சுழி விழுந்ததும் புரோகிராம் சிறிது காத்திருந்து, பிறகுதான் ஜாதகங்கள் இருக்கும் கோப்பைத் திறக்கும்.

முதல் சிக்கல் செண்பகத்தால் வந்தது. ஜாதக விவரங்களை டைப் அடிக்க அண்ணாச்சி அமர்த்தியிருந்த பெண் அவள். தட்டச்சில் கெட்டிக்காரி. ஒரு மாப்பிள்ளையின் உயரத்தில் ஒரு இலக்கம் தப்பிவிட்டது என்று டெலீட் பொத்தானை அமுக்கினாள். அந்த மெஷினில் அந்தப் பொத்தான் எழுத்தை அழிக்காது. 'வேலையை விடு' என்று புரோகிராமுக்குச் சிக்னல் அனுப்பும். மாப்பிள்ளையோடு சேர்ந்து புரோகிராமும் போய்விட்டது. "அக்கா, நான் அவர் உயரத்தத்தான் தொட்டேன், ஆளையே காணல," என்று அழுதாள். அதன்பிறகு அந்தச் சிக்னல் வந்தால் புரோகிராம் அதைப் பிடித்து, நிஜமாகவே நிறுத்த வேண்டுமா என்று திரையில் கேட்கும்படி செய்தோம். செண்பகம் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுத்தான் பதிலை டைப் அடிப்பாள்.

அடுத்தது அண்ணாச்சியின் மைத்துனர். அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். ஒருநாள் திரையில் நான் அடித்த 'கில்' கட்டளையைப் படித்து, அதன் அர்த்தத்தை அத்தானிடம் சொல்லிவிட்டார். அண்ணாச்சி என் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா எஸ்தரு, நான் நடத்துகது கல்யாண மையம். இங்கன வச்சு என்னத்தக் கொல்லுதிய?"

"புரோகிராமத்தான் அண்ணாச்சி."

"அதுக்கு நான்தானம்மா நல்லநேரம் பாத்து தேங்கா ஒடச்சேன்?"

அன்றைக்கே அந்தக் கட்டளைக்கு 'சொல்லு' என்று இன்னொரு பெயர் வைத்து, எல்லாரும் அதையே அடிக்க வேண்டும் என்று முடிவானது. உண்மையில் அதுதான் சரியான பெயர். அந்தக் கட்டளையின் வேலை புரோகிராமிடம் ஒரு சேதியைச் சொல்வது. அதைக் கேட்டு ஆள் சாவதும் நிற்பதும் சேதியைப் பொறுத்தது. எந்தச் சேதி என்று தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள் என்பதைத்தான் உங்களுக்கும் சொல்ல வந்தேன்.

கடைசியாக வந்தது ராகுகாலம்.

"பொருத்தம் பாக்குகது ஒவ்வொண்ணும் ஒரு சுபகாரியம்லா," என்றார் அண்ணாச்சி. "ராகுகாலத்துல பாத்துக் குடுத்த பொருத்தம்னு நாளைக்கு எவனும் சொல்லிரக் கூடாது. அந்த ஒன்றர மணிநேரம் மிசின் பொருத்தம் பாக்கக் கூடாது."

"செஞ்சிருவோம் அண்ணாச்சி," என்றார் எங்கள் முதலாளி. அந்த வாரம் முழுக்க அவர் எங்கள் பக்கமே வரவில்லை.

ராகுகாலம் வந்ததும் புரோகிராமை முடித்துவிட்டு, போனதும் மறுபடி தொடங்கலாம் என்றான் ஸ்டீபன். அவனுக்கு எதையும் முடித்துவிடுவதில் ஒரு ஆசை. முடித்தால் அதுவரை போட்ட கணக்கெல்லாம் போய்விடும். கணக்கு எல்லாம் நினைவகத்தில்தான் இருந்தது. நான் 'நில்' சிக்னல் போதும் என்றேன். அதை அனுப்பினால் புரோகிராம் நின்ற இடத்தில் நின்றுவிடும். 'தொடர்' என்றதும், வாயில் இருந்த வார்த்தையைக்கூட விடாமல் தொடரும். தேதி கிழிக்கும் காலண்டரைப் பார்த்து ஏழு நாளுக்கும் ராகுகால நேரத்தை எழுதிவைத்து, மெஷினே குறித்த நேரத்தில் இரண்டு சிக்னலையும் அனுப்பும்படி செய்தோம். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் காலண்டரில் அந்தக் கட்டத்தை யாரும் பார்த்தது கிடையாது, அதனால் செண்பகத்தை வைத்து இரண்டு தரம் சரிபார்த்தோம்.

அண்ணாச்சிக்குப் பரம சந்தோஷம். மெஷின் ராகுகாலத்தில் தூங்குகிறது என்று தெருவெல்லாம் சொன்னார். அந்த நேரத்தில் உள்ளே வருகிறவர்கள் பைய நடந்தார்கள். செண்பகம் குரலைத் தாழ்த்திப் பேசினாள். அண்ணாச்சி வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "எந்திச்சிட்டா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல அண்ணாச்சி," என்பேன். மேசை விசிறியைத் தூக்கி அதன் பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் போவார்.

எல்லாம் ஜோசியரை அண்ணாச்சி சீண்டும்வரை நன்றாகத்தான் போனது. டவுனில் பேர்பெற்ற ஜோசியர். முப்பது நாற்பது ஊருக்கு அவர் பார்த்துச் சொன்னால்தான் தாலி ஏறும். தேரடிப் பக்கம் காப்பிக்கடையில் அவர், "மிசினுக்கு லக்கினம் தெரியுமாவே?" என்று கேட்டதற்கு அண்ணாச்சி பதிலுக்குப் பதில் பேசி, கடைசியில் ஒரு சபதத்தில் வந்து நின்றுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் மையத்தின் மாடி ஹாலுக்கு வரவழைப்பது, ஊர் திரும்புமுன் பொருத்தச் சீட்டை அவரவர் கையில் கொடுத்து அனுப்புவது. ஜோசியர் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

"சீட்டு கையில போகலன்னா?" என்று கேட்டாராம் ஜோசியர்.

"மறுநா நான் கதவத் தெறக்க மாட்டேன்."

சொன்னால் செய்கிற மனிதர். அந்த மையத்தை விட்டால் அவருக்கு வேறு தொழிலும் கிடையாது.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் ஸ்டீபனும் நானும் டவுனுக்குப் போனோம். மாடியில் கூட்டம் நிறைந்துவிட்டது. சாத்தான்குளத்திலிருந்து வந்தவர்கள், உடன்குடியிலிருந்து ஒரு வேனில் கருப்பட்டியும் கையுமாக வந்தவர்கள். ஜோசியர் முன்வரிசையில் வெள்ளை வேட்டியில், வெற்றிலைச் செல்லத்தோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறுவரை. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஓடவிட்டால் நாலு மணிக்குள் சீட்டெல்லாம் வந்துவிடும். சாப்பாடு முடிந்தது, ஓடவிட்டோம், அரை மணி நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

நினைவகத்திலிருந்த கணக்கு முழுவதும் போயிற்று. மதியம் டைப் அடித்த உடன்குடிக்காரர்களின் விவரமும் போயிற்று. கரண்ட் திரும்பி வந்து, மெஷின் தன் டிஸ்கைச் சோதித்து முடித்துத் திரையைக் காட்டும்போது மணி நாலே கால். செண்பகம் விரல் தெரியாத வேகத்தில் டைப் அடிக்கத் தொடங்கினாள். எவ்வளவு வேகமாக அடித்தாலும் முடிய நாலே முக்கால் ஆகிவிடும். அதற்குள் ராகுகாலம் வந்துவிடும். ஆறு மணிக்கு மேல் தொடங்கினால் சீட்டு வருவதற்கு ஏழு ஆகிவிடும். மாடியில் இருப்பவர்கள் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். மேலே ஒருவர் இருவராக எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ராகுகாலத்துல ஓட்டுவோமே," என்றான் ஸ்டீபன்.

அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அது முடியாதுடே. நா இத்தன நாளா சொல்லிட்டு வந்தது என்னது? எங்கிட்ட வாரவன் எல்லாம் அத நம்பித்தான வாரான்? கதவச் சாத்தினாலும் சாத்துவேனே தவிர அதச் செய்ய மாட்டேன்." அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பெருமைக்காரர்தான், ஆனால் பொய்க்காரர் இல்லை.

அப்போதுதான் மதினி, அண்ணாச்சியின் மனைவி, மையத்தை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஒரு துணிப்பையோடு வந்து தெருவைக் கடந்து எதிர்வீட்டில் அதை வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். சாயங்காலம் மதுரையில் மகள் வீட்டுக்குப் போகிறவர்கள்.

"என்ன மதினி, பையை அங்கன வச்சிட்டு வாரிய?" என்று கேட்டேன்.

"அஞ்சு மணிக்குப் பஸ்ஸு. ராகுகாலத்துல பொறப்படக் கூடாதுல்லா. அதான் முன்னாடியே பரஸ்தானம் வச்சிட்டேன். சாமான் படி தாண்டிட்டுன்னா நாம பொறப்பட்டாச்சுன்னு அர்த்தம். பொறவு பைய போகலாம்."

"பொறப்பட்டது பொறப்பட்டதுதானா? நடுவுல நின்னாலும்?"

"நின்னா என்ன? தொடங்கினதுல்லா கணக்கு."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரைக்கு இன்னும் சில நிமிடம் இருந்தது. அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்: புரோகிராமை இப்போதே புறப்பட வைப்போம். சுழி விழுந்ததும், கோப்பைத் திறக்குமுன், 'நில்' என்று சொல்லிவிடுவோம். செண்பகம் டைப் அடித்து முடித்தபின் 'தொடர்' என்போம். ராகுகாலத்தில் அது ஒன்றையும் தொடங்கவில்லை, ஏற்கெனவே தொடங்கிய பயணத்தில்தான் போகிறது.

"பரஸ்தானம் மனுசனுக்குள்ளதும்மா," என்றார்.

"சரஸ்வதி பூசைக்கு உங்க சைக்கிளுக்குப் பொட்டு வச்சு மால போட்டியள்லா. அது மனுசனா அண்ணாச்சி?"

அவர் யோசித்தார். அவர் யோசிக்கும்போது நேரம் ஓடியது. "செய்யி," என்றார்.

நான் ஒரு டெர்மினலில் புரோகிராமைத் தொடங்க, ஸ்டீபன் பக்கத்து டெர்மினலில் சிக்னலோடு தயாராக இருக்க வேண்டும். நான் தொடங்கினேன். பிரிண்டர் முனகிக்கொண்டு சுழியை வரைந்தது. புரோகிராம் காத்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் நிறுத்தியாக வேண்டும். தப்பினால் அது பாதி நிரம்பிய கோப்பைத் திறந்துகொண்டு ஓடிவிடும். ஸ்டீபன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். 'சொல்லு' என்று அடித்து, பக்கத்தில் மைனஸ் ஒன்பது போட்டு, என்டர் பொத்தானுக்கு மேலே விரலை வைத்திருந்தான்.

அவன் கையில் ஒரு அடி வைத்தேன். நல்ல அடி. "நிக்கச் சொல்லச் சொன்னா, சாகச் சொல்லுதியே ஸ்டீபா."

அவன் அதை அழித்துவிட்டு 'ஸ்டாப்' என்று பெயரை முழுசாக அடித்து அனுப்பினான். புரோகிராம் நின்றது. ஓடுகிறவற்றின் பட்டியலைத் திரையில் எடுத்துப் பார்த்தோம். புறப்பட்ட நேரம் நாலு இருபத்தெட்டு என்று அதில் இருந்தது. பதற்றத்தில் விரல் தானாகப் பழைய பழக்கத்துக்குப் போகும், தம்பிகளே, தங்கைகளே. அதனால்தான் எண்ணை விட்டுவிட்டுப் பெயரை அடியுங்கள் என்று நான் நச்சரிப்பது. பெயரை அடிக்கும்போது என்ன செய்கிறோம் என்று மனசுக்கும் ஒரு தரம் கேட்கும்.

நாங்கள் மூச்சு விடுவதற்குள் மதினி வாசலில் நின்று கேட்டார்கள்: "எல்லாம் சரி, அதோட சாமான் எங்க? வெறுங்கையோட பொறப்பட்டா பரஸ்தானம் ஆகாதுல்லா."

புரோகிராமுக்கு ஏது சாமான்? எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அண்ணாச்சி பிரிண்டரைப் பார்த்தார். சுழி விழுந்த தாளைக் கிழித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தக் கனத்த உடம்போடு தெருவைக் கடந்து ஓடினார். எதிர்வீட்டில் மதினியின் பைமேல் தாளை வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தார். நாலரை ஆகவில்லை.

செண்பகம் கடைசி ஜாதகத்தை அடித்து முடித்தாள். 'தொடர்' என்று சொன்னோம். புரோகிராம் ஒன்றுமே நடக்காதது மாதிரி கோப்பைத் திறந்து வேலையைப் பார்க்கத் தொடங்கியது. சிறிது நேரத்தில் முதல் சீட்டுக்கு பிரிண்டர் கத்த, படியில் ஜோசியர் இறங்கி வந்தார்.

"என்னவே, மிசின் சத்தம் கேக்கு? மணி என்னன்னு தெரியுமா?"

"தெரியும்வே. அது நாலரைக்கு முன்னாலயே பொறப்பட்டாச்சு. நடுவுல கொஞ்சம் நின்னுச்சு, இப்பம் போகுது. பரஸ்தானம்."

ஜோசியர் திரையில் இருந்த நேரத்தைக் குனிந்து படித்தார். விடவில்லை. "பொறப்பட்ட நேரம் சரி. சாமான் படி தாண்டணும்லா. இதுக்கு என்ன சாமான் இருக்கு?"

"இங்கன என் பைக்கு மேல இருக்கு, வந்து பாருங்க," என்று மதினி எதிர்வீட்டு வாசலிலிருந்து குரல் கொடுத்தார்கள். "பையை வைக்கச் சொன்னதும் நீங்கதான."

ஜோசியர் தெருவைக் கடந்து போனார். தாளைக் கையில் எடுத்தார். சுழியைப் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், எடுத்த இடத்திலேயே வைத்தார். ஊரில் பாதிப்பேருக்குப் பரஸ்தானம் வைக்கச் சொன்னவர் அவர். இது செல்லாது என்றால் அதுவும் செல்லாது. திரும்பி வந்து, "செல்லும்," என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஆறு மணி பஸ்ஸுக்கு முன்னால் எல்லார் கையிலும் சீட்டு இருந்தது. உடன்குடிக்காரர்கள் எங்களுக்கு ஆளுக்கொரு கருப்பட்டி கொடுத்துவிட்டு வேனில் ஏறினார்கள். அண்ணாச்சி ஒவ்வொருவரையும் வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், ஆனால் நான் ஸ்டீபனைத் திட்டிக்கொண்டே இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. நாளைக்குக் கதவு திறக்கும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புரோகிராம் மக்கர் பண்ணும்போது, உங்களுக்கு அவசரம் என்பதால் அதைக் கொல்ல வேண்டியதில்லை. நிற்கச் சொல்லிவிட்டு, அதன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் இருக்கும் மனிதர்கள் கையில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். பாதி வேலை அதில் முடிந்துவிடும். மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

கூட்டம் போனபிறகும் ஜோசியர் போகவில்லை. மாடியிலிருந்து தனியாக இறங்கி வந்து, மடியிலிருந்து மடித்து மடித்துப் பழுப்பேறிப் போன ஒரு ஜாதகத்தை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினார்.

"நம்ம மூத்தவனுக்கு உள்ளது. நானும் பாத்துப் பாத்து ஓஞ்சிட்டேன்வே. ஊரான் வீட்டுப் பிள்ளைக்குன்னா கணக்கு தானா ஓடுது. சொந்தப் பிள்ளைன்னு வந்தா, பாக்கதெல்லாம் தோசமாத் தெரியுது. ஒண்ணையும் தெகைச்சு முடிக்க மாட்டேங்கேன்." குரல் இறங்கிவிட்டது. "இத அந்த மிசின்ல போட்டுப் பாரும்."

அண்ணாச்சி நினைத்திருந்தால் அன்றைக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஜாதகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது புதுசு தொடங்குகதுல்லா. ஆறு ஆகட்டும்வே."

"ஆமா, ஆகட்டும்," என்றார் ஜோசியர்.

இரண்டுபேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செண்பகம் காப்பி வாங்கி வந்தாள். ஸ்டீபனும் நானும் வீட்டுக்குப் போகாமல் நின்றோம். ஆறு அடித்ததும் புரோகிராமைத் தொடங்கினேன். பிரிண்டர் முனகிக்கொண்டு சுழியை வரைய ஆரம்பித்தது. ஜோசியர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி நின்றார்.